வலது கால் செருப்பு

டொங்காட் தாண்டி, டர்பன் போகும் பக்கம்,
கரும்பு எரித்த சாம்பல் புல்லில் இன்னும் ஒட்டியிருந்தது.
மூன்றாம் நாள் காலை போனேன்.
காப்பீட்டுக் கம்பெனியின் மஞ்சள் சட்டை, அளவு நாடா, போன்.
வண்டியை வெருலம் யார்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.
இருந்தது தார் மட்டும்.
அதில் பேச்சுக்குக்கூட ஒரு டயர்த் தடம் இல்லை.

என் தொழிலில்
தடமில்லாத தார்தான் அதிகம் பேசும் சாட்சி.

பிறகு எண்கள்.
அதிகாலை நாலு நாற்பது. வேகம் நூற்றுப் பதினைந்து.
முன்னே போன வண்டிக்கும் இதற்கும் இரண்டு வினாடி இடைவெளி,
கயிறு கட்டிய மாதிரி.
முன்வண்டிக்காரன் எதையோ பார்த்து வலப்பக்கம் ஒதுங்குகிறான்.
ரேடாருக்குத் தெரிந்தது வெறும் சாலை.
வெறும் சாலை அதற்குக் கொண்டாட்டம்:
நூற்று இருபது கேட்டவனுக்கு
நூற்று இருபது கொடுக்கப் புறப்பட்டது.

எதிரே கரும்பு டிரெய்லர்,
அச்சு முறிந்து, விளக்கில்லாமல், புகைக்குள்.

நிற்பதை அது பொருட்படுத்தாது.
பாலம், பெயர்ப் பலகை, வேலிக் கம்பம்,
நிற்கிற எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால்
ஒரு வண்டியும் டர்பன் போய்ச் சேராது.
அதனால் நிற்பவற்றை மறக்கப் பழக்கியிருக்கிறார்கள்.
கையேட்டில் இருக்கிறது, இருநூற்றுப் பதினான்காம் பக்கம்,
பொடி எழுத்தில்:
நின்றிருக்கும் வாகனங்கள் கண்டறியப்படாமல் போகலாம்.
போகலாம்.
எவ்வளவு மரியாதையான சொல்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்:
கடைசி அரை வினாடியில் கேமராவுக்கு ஏதோ தட்டுப்பட்டது.
நூற்றுப் பதினெட்டை நூற்று நாலாக்கியது.
அந்தப் பதினாலில்தான்
சாக்ரன் மூட்லி இன்று மூச்சு விடுகிறார் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் போக்குவரத்து விளக்கை ரோபோ என்போம்.
மின்வெட்டில் ரோபோ செத்துப் போனால்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து,
தலையசைத்து, முறை வைத்துக் கடக்கிறோம்,
மினிபஸ் டாக்சிக்காரன் உட்பட.
வண்டிக்குள் இருக்கும் ரோபோ செத்ததைச் சொல்லாது.
புகையில் கண் அவிந்த பிறகும்
டாஷ்போர்டில் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

வெருலம் யார்டில் சிபோனிசோ
கடப்பாரை போட்டுக் கதவை நெம்பினான்.
பிரேக் மிதியின் மேல் மாவு மாதிரிப் புழுதி, கலையாமல்.
கதவுப் பையில், பெட்ரோல் ரசீதுகளுக்கு நடுவில்
வலது கால் செருப்பு.
ஒற்றைச் செருப்பு. நன்றாகச் செருகி வைத்தது.

ஸ்டேஞ்சர் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்,
செருப்பைக் கழற்றி, காலை மடக்கி,
தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.
வீட்டில் சோபாவில் உட்காருவது போல.
எலும்பு டாக்டரின் குறிப்பும் அதையேதான் சொல்கிறது.
முப்பத்தொன்றாம் படம்: செருப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார்.
"மேடம், அது எப்பவும் நிக்குமே."

நின்றிருக்கும். நம்புகிறேன்.
ஃபீனிக்ஸ் திருப்பத்தில் நின்றிருக்கும்,
டோல் வரிசையில் நின்றிருக்கும்,
பள்ளிக்கூட வேனுக்குப் பின்னால்
அவர் கொட்டாவி விட்ட அந்த நொடியிலும் நின்றிருக்கும்.
நின்று நின்றுதான் அது
அவர் செருப்பைக் கழற்றியிருக்கிறது.

இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.
'ஓட்டுநர் கவனக்குறைவு: ஆம் / இல்லை' என்று ஒன்று இருக்கிறது.
ஆம் என்றால் பாதிப் பணம்.
இல்லை என்றால் என் மேலதிகாரி கோவிந்தர் கேட்பார்,
மிதியில் ஏன் புழுதி?

சாயங்காலம் வீடு திரும்பும்போது
வழக்கம்போல பொத்தானை அழுத்தினேன்.
என் கால் தானாக எழுந்து ஓரமாய்ப் போனது,
வேலை முடிந்த ஆள் மாதிரி.
எத்தனை நாளாக இப்படிப் போகிறதோ.

பொத்தானை அணைத்தேன்.
உம்லோட்டி இறக்கத்தில் திரும்பவும் போட்டேன்,
முழங்கால் வலித்தது.

நாற்பத்தாறு படங்களில்
நாற்பத்தைந்தை அனுப்பியிருக்கிறேன்.
ஒன்று போனிலேயே இருக்கிறது.