கேட் மூடியிருந்த நாட்கள்

"உங்களுக்குப் பிடித்ததைப் பற்றி ஆராயுங்கள்" என்று
எட்டாம் வகுப்பு பி பிரிவிடம் சொன்னது
ஜூலையில் நான் செய்த தவறு.
முப்பத்தாறு பேரில் இருபத்தெட்டுப் பேர்
மறுநாள் சூரியக் குடும்பத்தோடு வந்தார்கள்.
எதிர்க்கடையில் விற்கும் அதே அட்டை,
அதே சனிக்கோள், காயாத அதே பசை.

பிடித்தது என்றால்
டீச்சருக்குப் பிடித்தது என்று
ஏழு வருடமாகப் படித்துவைத்திருக்கிறார்கள்.
அவர்களைச் சொல்லி என்ன.

அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
கேள்வி கொண்டுவாருங்கள் என்றேன்,
எனக்கு விடை தெரியாத கேள்வி.
டிக்கெட் வேண்டாம் என்ற கண்டக்டரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்கள்.

எந்தப் பெஞ்சில் பேன் அதிகம் என்று
அறிய விரும்பினாள் ஜெர்லின்.
தலை காட்ட ஒருத்தியும் வரவில்லை.
தன் தலையில் தொடங்கி
அங்கேயே முடித்துக்கொண்டாள்.

சிப்காட் பக்கமிருந்து வரும் காற்றுக்கு
மதிப்பெண் போட்டாள் நிலோபர்.
ஒன்று என்றால் வருகிறதா இல்லையா என்று சண்டை.
இரண்டு, சண்டை இல்லை.
மூன்று, அம்மா ஜன்னலைச் சாத்துவாள்.
நான்கு, சாத்தியும் வரும்.
அளக்கக் கருவி வேண்டுமே என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
அவளிடம் மூக்கு இருந்தது,
ஜன்னல் இருந்தது, அம்மா இருந்தாள்.

நிறுத்திக்கொள்வதுதான் இந்த வேலையில் கஷ்டம்.
விடை நாக்கு நுனிக்கு வந்து
மிளகாய்போல் எரியும்.

கலையமுதன் கேள்வியை நான் நம்பவில்லை.
"முதுநகர் ரயில்வே கேட்
எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது?"
தினமும் தாமதமாக வருகிறவன்.
தினமும் கேட்மேல் பழி போடுகிறவன்.
சாக்குக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டுகிறான் என்று
ஆசிரியர் அறையில் சிரித்தார்கள்.
நானும்தான்.

ஆனாலும் நாற்பது பக்க நோட்டில்
கட்டம் போடக் காட்டினேன்.
தேதி. மூடிய நேரம். திறந்த நேரம்.
நீ பள்ளிக்கு வந்த நேரம்.
கடைசிக் கட்டத்துக்கு
ஸ்கேலைத் தேடுவதுபோல் குனிந்தான்.
"அதுவும் வேணுமா டீச்சர்?"
"ஆராய்ச்சி உன்னோடது. நீ சொல்லு."
வெகுநேரம் கழித்துக்
கோடு கிழித்தான்.

ஆறு வாரம்.
கேட் கீப்பரிடம் நேரம் சரிபார்த்திருக்கிறான்.
சரக்கு ரயிலுக்குப் பச்சை மை,
மழை நாளுக்குச் சின்னதாய்க் குடை.
நடுவில் மூன்று பக்கம்
ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன.
பிரித்தபோது
துறைமுகத்து ஐஸின் மீன்வாசனை.

செப்டம்பரில் வாசித்தான்,
நோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.
"நான் தாமதமாக வந்த நாட்கள் பத்தொன்பது.
அவற்றில் கேட் மூடியிருந்தது நான்கு நாள்.
பதினைந்து நாள் திறந்திருந்தது.
ஆகவே நான் தாமதமாக வருவதற்குக்
கேட் காரணம் இல்லை."

சிரிப்பார்கள் என்று பயந்தேன்.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
நிலோபர் கை தூக்கினாள்.
"அப்ப எதுதான் காரணம்?"
கேட்கலாம். அப்படித்தான் கேட்க வேண்டும்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"அது வேற கேள்வி" என்றான்.
"அதுக்கு வேற நோட்டு வேணும்."

மாவட்டப் போட்டிப் படிவத்தில்
பரிந்துரை என்று ஒரு கட்டம்.
மேம்பாலம் வேண்டுமென்று எழுதச் சொல்லுங்கள்,
பரிசு நிச்சயம் என்றார் தலைமையாசிரியர்.
சொன்னேன்.
"நாலு நாளுக்கு மேம்பாலமா டீச்சர்?"
கட்டம் காலியாகவே போனது.
பரிசு சூரியக் குடும்பத்துக்கு,
வேறு பள்ளி.

திங்கட்கிழமை பாதிப் பாடத்தில்
வாசலில் நின்றான், சட்டைக்கை நனைந்து.
வழக்கமாக நான் சிவப்பில் சுழிக்கும் இடத்தில்
நேரத்தை எழுதினேன்,
ஒன்பது நாற்பத்தொன்று.

எட்டிப் பார்த்துச் சொன்னான்,
"நாற்பத்திரண்டு, டீச்சர்."