சீலண்ட் அடிக்கும் முன்

கேடிசி நகர் தாண்டி பைபாஸில் எங்கள் கொட்டகை.
காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர்
ஊர்வலம் மாதிரி மெல்லப் போகும்.
இரண்டு வண்டிக்கு மட்டும் நிழல் உண்டு.
நோட்டில் வண்டி நம்பர் எழுதுவோம், பேர் கேட்பதில்லை.
பேர் கேட்டால் ஊர் வரும்,
ஊர் கேட்டால் எந்தத் தெரு என்று வரும்,
அதற்கப்புறம் கூலி பேச வாய் வராது.

அவன் கொண்டுவந்தது சிவப்பு ஸ்விஃப்ட், மூன்றாம் கை.
கதவு இடுக்கில் தேரி மண்,
போல்ட்டுத் தலையெல்லாம் உவரிக் காற்றின் உப்பு,
பானெட்டில் வேப்பம்பூ ஒட்டிக் காய்ந்த தழும்பு.
வீலுக்கும் சேர்த்து அடிக்கணும்ணே என்றான்.
சரி என்றேன்.
அப்புறம் பின்னால் கூட்டிப்போய் டிக்கியைக் காட்டினான்.

ஸ்டிக்கரைப் பிய்த்திருந்தான். எழுத்து போகவில்லை.
எட்டு வருஷ வெயில் வண்டி முழுக்கக் குடித்துவிட்டு
அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.
வெளுத்த சிவப்பில் புதுச் சிவப்பாய்
வாங்கிய நாள் நிறத்தில் நின்றது.

"ரெண்டு வாரமா பங்க்ல நிறுத்திட்டு
வீட்டுக்கு நடந்து போறேன்."
வேறெதுவும் அவன் சொல்லவில்லை.

எனக்கும் தெரிந்த வார்த்தைதான்.
பள்ளிக்கூடச் சுவரில், கபடி பனியனில்,
கம்பத்தில் கட்டிய பிளக்ஸில் படித்ததுதான்.
அது என் பக்கத்து வார்த்தையா
எதிர்ப் பக்கத்து வார்த்தையா என்று
மாசானம் என் முகத்தைப் பார்த்தான்.
நான் மெஷினுக்கு வயர் சொருகினேன்.

சீலண்டுக்கு ஒன்றும் தெரியாது.
கீழே எது இருக்கிறதோ அதைப் பொத்திவைக்கும்.
தூசி என்றால் தூசி. கீறல் என்றால் கீறல்.
முதல் கோட்டுக்கு முன்னால் போக்காதது
அடுத்த மழைக்காலம் வரை பளபளக்கும்.

போர் தண்ணி ஆகாது, வெள்ளைப் புள்ளி விழும்.
ஆற்றுத் தண்ணி டேங்கருக்குப் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.
மாசானம் நாலு வீலையும் கழற்றினான்.
மருந்து அடித்ததும் பிரேக் தூசி
ஊதாவாய் வழிந்தது, நாவற்பழம் மிதித்த மாதிரி.
உள்பக்கம் விரல் போகும் இடமெல்லாம் துடைத்து
மெல்லிசாய் ஒரு பூச்சு.
"இனிமே சாணி ஒட்டினாக்கூட தண்ணி காட்டினா போயிரும்" என்றான்,
வீலிடம்தான் சொன்னான்.

நான் டிக்கியில் இருந்தேன்.
எழுத்தைத் தேய்த்தால் போகாது.
அதுதான் அசல் நிறம், அதை எங்கே தேய்க்க?
சுற்றியிருக்கிற வெளுப்பைத்தான்
சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவரணும்,
வார்த்தைக்குச் சமமாய் வரும் வரை.
கொஞ்சம் அதிகம் போனால் பெயிண்ட் சூடேறி எரிந்துவிடும்.
கையை வைத்துப் பார்ப்பேன், நிறுத்துவேன்,
டீ குடிப்பேன், திரும்ப வருவேன்.
இரண்டாவது எழுத்தின் கொம்பு
மூணு மணிக்குத்தான் கரைந்தது.
அவன் பெஞ்சில் உட்கார்ந்து
போனைத் திறக்காமல் கையில் வைத்திருந்தான்.

காற்று அடங்கியதும் சீலண்ட்.
ஒரு சொட்டு நெடுக்கே, ஒரு சொட்டு குறுக்கே.
இரவு முழுக்க யாரும் தொடாமல் ஷட்டரை இழுத்துவிட்டோம்.

விடிகாலை டியூப்லைட்டைப் போட்டேன்.
ஓரமாய்ச் சாய்ந்து பார்த்தால்
கடைசி எழுத்தின் கால் மட்டும்
மெழுகுக்கு அடியில் படுத்திருந்தது.
இனி அதற்கும் ஒரு வருஷ காரண்டி.
மாசானமும் பார்த்தான்.
"சவம் கிடக்கட்டும்" என்றான்.

அவனை உச்சி வெயிலுக்கு வரச் சொன்னேன்.
வெயில் எறிக்கும்போது எதுவும் தெரியாது.
ஒரு வாளித் தண்ணியை டிக்கியில் ஊற்றிக் காட்டினேன்.
சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு
அந்த இடத்திலும் நிற்காமல் இறங்கி ஓடியது.
அவன் சிரித்தான். இன்னொரு வாளி கேட்டான்,
தானே ஊற்றினான்.

பணம் எண்ணும்போது கேட்டான்:
"அண்ணனுக்கு எந்த ஊரு?"
பைபாஸ் என்றேன்.