இரண்டு சொட்டு

ஒரு சொட்டு போதும்.
கண்ணாடியில் விட்டு மூடி
வெளிச்சம் பார்த்துத் தூக்கிப் பிடித்தால்
நீலமும் வெள்ளையும் முட்டுகிற கோட்டில்
பழத்தின் இனிப்பு எத்தனை என்று தெரிந்துவிடும்.
கிளிமூக்கு பதினான்கு, பதினைந்து.
அல்போன்சா என்றால் பதினெட்டுக்கு ஏறும்.
காவேரிப்பட்டணம் சாலை மாங்கூழ் ஃபேக்டரியில்
சீசன் முழுக்க இதுதான் என் வேலை,
இரண்டாம் ஷிஃப்ட்.

இன்னொரு சொட்டு
விரல் நுனியிலிருந்து.
அதற்கு மிஷின் வேறு, கணக்கு வேறு.
சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில்
நூற்றி எழுபத்தெட்டு.
"பார்டர்ல நிக்கிறீங்க" என்றார் டாக்டர்,
ஓசூர் தாண்டினால் கர்நாடகா என்பதுபோல.

பால் விட்டது வேறு கதை.
எதிர்வீட்டு மாதேவன்
காளைக்கன்றைப் போச்சம்பள்ளி சந்தைக்கு ஏற்றினான்.
பசு மூன்று ராத்திரி கத்தியது.
நான்காம் ராத்திரி கத்தவில்லை.
விடிந்ததும் வந்த காபியை
வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைத்தேன்.
யாராவது கேட்டால் வாயுத் தொல்லை என்கிறேன்.
அதுதான் சுலபம்.

"பாலில்ல, நெய்யில்ல, துரும்பா எளச்சிருவ"
என்றாள் பேக்கிங் செக்‌ஷன் முனிரத்தினா.
எங்கே?
பால் படாத தித்திப்பு இந்த ஜில்லாவில்
இத்தனை இருக்குமென்று
பால் குடித்த நாளில் எனக்குத் தெரியாது.
யுகாதிக்கு அடுத்த வீட்டு ஒப்பட்டு
நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில், எனக்கென்றே தனியாக.
மூன்று.
மறுநாள் கல்லில் சுடவைத்து
இன்னும் ஒன்று.

நடக்கச் சொன்னார்கள், நடந்தேன்.
ஞாயிறு சாயங்காலம் அணைக்குப் போய்
மீன் வறுவல் கடைகள் இருபதையும்
கழுத்தைத் திருப்பாமல் கடந்தேன்.
என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த இடத்தில்
சைக்கிளில் எள்ளுருண்டை.
எள்ளில் கால்சியம் என்று
எதிலோ படித்த ஞாபகம்.
வீடு வருமுன் பொட்டலம் காலி,
காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்
தடயம் போல.

போன செவ்வாய் ஷிஃப்ட் முடிந்து
பதினோரு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.
ராகி நல்லது.
வெல்லம், சீனிக்கு எவ்வளவோ மேல்.
தேங்காய்ப்பாலில் இருப்பது நல்ல கொழுப்பாம்.
மூன்று நல்லவர்கள்
ஒரே வாணலியில் கூடி
என்ன சதி செய்கிறார்கள் என்று
கிண்டக் கிண்டத் தெரிந்தது.
ஓரம் விட்டு, எண்ணெய் பிரிந்து
கரண்டியோடு சுருண்டு வந்தபோது
வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள்.
தட்டில் ஆறவைக்கவில்லை.
நின்றபடியே.
நாக்கு வெந்தது. நிறுத்தவில்லை.

மிச்சத்தை டப்பாவில் அடைத்து
மறுநாள் லேபுக்குக் கொண்டுபோனேன்.
டேங்க் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
யாருமில்லாத ஐந்து நிமிஷம்.
அல்வாவின் அடியில் கசிந்த பாகு,
ஒரு சொட்டு,
கண்ணாடியில்.
ஜன்னலைப் பார்த்துத் தூக்கினேன்.

கோட்டைக் காணோம்.
முப்பத்திரண்டோடு முடிகிற கருவி அது.
நீலத்தை எங்கோ துரத்திவிட்டு
வட்டம் முழுக்க ஒரே வெள்ளை,
பால் மாதிரி.

"எந்த டேங்க்?" பின்னாலிருந்து முனிரத்தினா.
"டேங்க் இல்ல."
டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
விரலால் ஒரு வழி வழித்து வாயில் வைத்து
சூப்பர்வைசர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:
"ஏலக்கா பத்தல."

அவள் போன பிறகுதான் பார்த்தேன்,
கை தன் பாட்டுக்கு
லாக் புத்தகத்தில் எழுதியிருந்தது:
மணி 4.40. அளவுக்கு மேல்.
ஒயிட்னர் போடக் கூடாது, அது விதி.
ஒற்றைக் கோடு அடித்து,
பக்கத்தில் தேதியோடு
கையெழுத்துப் போட்டேன்.
பேனாவில் கொஞ்சம் பிசுபிசுப்பு.