எல்லைக் கல்

கல்யாண மண்டபமொன்றை மூடுகிறார்களென்று
பாதி விலைக்கு வந்த தொட்டி.
ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
அளக்காமல் எதையும் நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை,
அளப்பதுதான் சம்பளம் தருகிறது.
அறுநூற்றெண்பது லீற்றர்.
தரை தாங்குமா என்றார் தவசீலன்.
தாங்கியது.

ஆரையம்பதியில் எங்கள் கிணறு
கேத்தில் அடியில் சுண்ணாம்பு பூசிவிடும்,
சவர்க்காரம் நுரைக்காது,
தலைமயிர் தும்பு.
காத்தான்குடிக் கடையில் இர்பாஸ் கேட்டுவிட்டுச் சிரித்தார்:
"அது ஆபிரிக்காத் தண்ணி, மிஸ்.
மலாவி ஏரிக்காரனுக்கு இதுதான் வேணும்.
மருந்து வாங்கிக் காசக் கொட்டத் தேவல்ல."
பதினொரு வருடம் நான் திட்டிய தண்ணீருக்கு
ஊர் எல்லை தாண்டி ஒரு மரியாதை.

மயில் சிக்லிட் கேட்டேன்.
"அது கனவான். கல்லடிக்காரனோட விடாதீங்க."
கல்லடி என் தாய்வீடு.
முகத்தைப் பார்த்துப் பதறினார்:
"பாலத்தடி ஆக்கள இல்ல மிஸ்,
கல்லுக்கடியில குடியிருக்கிற மீன!"

நெற்றி புடைத்த தங்கனீக்காக்காரன் பிடித்திருந்தது.
"ஆறுதலாச் சாப்பிடுறவன்.
இவனுகளோட பந்தியில குந்தினா ஒண்டும் மிஞ்சாது."
நீல வரி போட்ட டெமசோனி?
"எடுத்தா பன்னிரண்டுக்கு மேல எடுங்க.
அடிக்கிறவனுக்கு ஆர அடிக்கிறதெண்டு
குழம்பிப் போகணும்."
மஞ்சளில் இரண்டு இனம்?
"கூடாது.
நிறம் வேறயெண்டா வேற ஆளெண்டு விட்டுருவான்.
தன்னப் போல இருக்கிறவனத்தான் கடிப்பான்."
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்,
அந்த ஒரு வரியைத் தவிர.

கடைசியில்
மஞ்சள் எட்டு, டெமசோனி பதினாலு,
துரு நிறத்தில் ஆறு.
ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டுமாம்.
குஞ்சில் ஆண் எது பெண் எதுவென்று
இர்பாசுக்கும் தெரியவில்லை.
"வளரட்டும், மறுகா பாப்பம்."

"செத்தல் மாதிரித்தானே கிடக்கு," என்றார் தவசீலன்.
வாவிச் செத்தலும் இதுகளும் ஒரே குடும்பமாம் என்றேன்.
"அப்ப பொரிக்கலாம்."

மூன்றாம் மாதம்
துரு நிறத்தில் பெரியவன் இடது மூலையை எடுத்துக்கொண்டான்.
பிறகு நடுக்கல்லை.
பிறகு சாப்பாடு விழும் இடத்தை.
அன்று தாழங்குடாவில் எனக்கு வேலை.
அண்ணன் தம்பி,
ஒரே மூக்கு, ஒரே நடை, ஒரே கோபம்.
வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததென்று
மூன்று வருட வழக்கு.
வெயிலில் நின்று அளந்து
நாலு மூலைக்கும் கல் நட்டுக் கையொப்பம் வாங்கித்
திரும்பினால்
பில்ரர் குழாய்க்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மீன்.
வால் இல்லை.
துரு நிறம்தான் அதுவும்.

போனில் இர்பாஸ்:
"லைற்ற நூத்துருங்க.
கல்லெல்லாத்தையும் கிளறி இடம் மாத்துங்க.
விடிஞ்சா தன்ட வளவு எதெண்டு
ஒருத்தனுக்கும் விளங்காது.
எல்லாரும் புதுசா வந்த ஆக்கள்தான்."

பதினேழு வருடமாகக் கல் நடுகிறவள்
தோள்வரை நனைந்து
இருட்டில் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
விரல்களில் ஏதோ கொத்தியது.
பெரியவனாக இருக்கும்.
அவனிடம் உறுதி இல்லை, வரைபடம் இல்லை,
ஆனாலும் கொத்தினான்.

காலையில் தெருவிலாஸம் தொலைந்தவர்கள் போல
எல்லோரும் நடுவில் மிதந்தார்கள்.
வாலறுந்தது முன்கண்ணாடி வரை வந்து
இரண்டு உருண்டை தின்றது.
பெரியவன் வலது மூலையில்
ஒரு தட்டையான கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
வியாழனுக்குள் அதுவும் அவனுடையதாகும்.
வாளியில் இன்னும் நாலு கல் வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்குத் தாழங்குடாவிலிருந்து தம்பிக்காரர்.
வடக்கு மூலைக் கல்லை
இரவோடிரவாக யாரோ பிடுங்கிவிட்டார்களாம்.
"ஆராயிருக்கும் மிஸ்?"
என் சட்டைக் கை
இன்னும் ஈரமாக இருந்தது.