ஒரு தட்டுக்கு மட்டும் நிழல்

திலகர் திடல், ஞாயிறு, பத்தே முக்கால்.
மிக்சி மோட்டார், ஒற்றைச் செருப்பு, பூட்டைத் தொலைத்த சாவிகள்.
அதற்கப்பால் ஒச்சம்மா விரித்திருந்த யூரியா சாக்கில்
நாற்பதுக்கு மேல் இசைத்தட்டுகள்.
உசிலம்பட்டியில் மைக்செட் வைத்திருந்த யாரோ
கடையை ஏறக்கட்டியபோது எடைக்கு எடுத்தாளாம்.
கிலோ முப்பது.
ஸ்பீக்கர் காந்தத்துக்கே அதைவிடக் கூட.

நான் அவசரப்படவில்லை.
பதினொரு வருஷமாக இதுதான் பிழைப்பு:
அவசரமில்லாதவனைப் போல நிற்பது.

ஒரு பக்திப் பாட்டு. ஊருக்கு நூறு கிடக்கும்.
ஒரு வசனத் தட்டு, கல்யாண வீடுகளில் தேய்ந்து வெளுத்தது.
ஒரு இந்தித் தட்டு, உறையில் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள்,
புதன்கிழமை மட்டும் அரை லிட்டர்.
பிறகு அது.

திருப்புவனம் செண்பகலிங்கம், நாகஸ்வரம்.
தோடி என்று அச்சடித்த பக்கத்தில் காம்போதி ஓடும்.
கம்பெனி கண்டுபிடித்துத் திரும்ப வாங்குவதற்குள்
முந்நூறு தட்டு வெளியே போய்விட்டதாம்.
திருத்தி அச்சிட்டது இருநூறு ரூபாய்க்குப் போனால் அதிகம்.
தப்புக்குத்தான் பதினெட்டாயிரம்.
பெங்களூரில் ஒருவர் மூன்று வருஷமாகக் கேட்கிறார்.
அவர் வீட்டில் ஊசி இருக்கிறதா என்று
நான் கேட்டதில்லை.

ஆறு தட்டைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன்,
அதை ஐந்தாவதாக.
கோடு விழுந்திருக்கிறதா என்று உறையைவிட்டு எடுத்தவன்
திருப்பிச் சொருகவில்லை.
சொருகினால் அக்கறை தெரிந்துவிடும்.

மொத்தமும் முந்நூறு என்றேன்.
ஐந்நூறு என்றாள்.
முந்நூற்றிருபது.
நானூற்றெண்பது.
நூற்றறுபது ரூபாய்க்கு
பத்திர ஆபீஸ் வாசலில் நிற்பவர்கள் போலப் பேசினோம்.
சித்திரை வெயில் அந்தக் கருப்பின் மேல் உட்கார்ந்து
தன் வேலையைப் பார்த்தது.

கால் மாற்றி நின்றேன். கொஞ்சம் இடது.
பதினொரு மணி நிழல் ஒரு முழம்தான்,
இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

பித்தளைக் குழாய் ஒன்றைக் கையாலேயே எடை பார்த்துக்கொண்டு
நிமிராமல் கேட்டாள்:
"ஆறு தட்டு இருக்கு சார்.
அஞ்சு வெயில்ல கெடக்கு.
அந்த ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு நெழல் குடுக்கிறீக?"

முகத்தைப் பழக்கியிருந்தேன், விரல்களையும்.
நிழலைப் பழக்கவில்லை.

அதுக்கு மட்டும் ரெண்டாயிரம் என்றாள்,
மத்ததச் சும்மா கொண்டுபோங்க.
அப்போதே கொடுத்திருக்கலாம்.
பழக்க தோஷம், அதற்கும் பேசினேன்.
பதினொன்றே காலுக்கு ஆயிரத்து எழுநூறில் படிந்தது.

வில்லாபுரத்து மாடியறையில் ஊசியை வைத்தேன்.
விளிம்பில் எண்ணெய் கண்ட அப்பளம் போல் ஒரு தூக்கல்.
சுற்றுக்கு ஒருமுறை ஊசி மேடு ஏறி இறங்க
செண்பகலிங்கம் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து
காம்போதி வாசித்துக்கொண்டு போனார்,
தெற்குவாசல் பாலம் வழியாக.
நிறுத்தவில்லை. முடியும்வரை கேட்டேன்.
இந்தத் தொழிலில் நான் முழுசாகக் கேட்ட தட்டு
அதோடு நாலோ ஐந்தோ.

பெங்களூருக்குப் படம் அனுப்பினேன்.
மறைக்கவில்லை, பக்கவாட்டில் வைத்தே எடுத்தேன்.
லேபிள் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார்.
இருக்கிறது.
அப்படியானால் நாலாயிரம்,
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டத்தான்,
நேரே நின்று பார்த்தால் வளைவு தெரியாது.

அடுத்த ஞாயிறு போனேன்.
ஏதோ ஒரு பேங்க் விளம்பரம் போட்ட பெரிய குடை.
மிச்ச இசைத்தட்டெல்லாம் அதற்கடியில்.
ஒச்சம்மா வெளியே வெயிலில், தலையில் துண்டு.

பக்திப் பாட்டைத் தொட்டு விலை கேட்டேன்,
போன வாரம் நான் சும்மா வேண்டாமென்று விட்டுப்போனது.

"நெழல்ல இருக்கிறது எல்லாமே ஆயிரம் சார்."