இன்று நோயாளி நான்

செக்காலை ரோட்டில்
பெயிண்ட் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
வகுப்பு முடிந்தும் சாவி எங்களிடம்,
எட்டு மணி வரைக்கும்.
ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி,
இடது கை கழன்ற ஒரு பொம்மை.
பொம்மைக்கு நாடி கிடையாது.
அதனால் ஒருநாள் அவள், ஒருநாள் நான்.

வியாழக்கிழமை சிவகங்கையில் தேர்வு.
செவிலி உதவியாளர், மாநிலச் சான்றிதழ்.
இருபத்திரண்டு வேலைகளில்
சீட்டுக் குலுக்கி ஐந்து தருவார்கள்.
எது வந்தாலும் கைகழுவுதல் உண்டு:
இருபது விநாடி, விரல்நுனி கீழ்நோக்கி,
குழாயை வெறுங்கையால் மூடினால் அங்கேயே போச்சு.
அரைவை மில் கை இது,
உமி போகவே இருபது விநாடி பற்றாது என்றேன்.
நூர்நிஷா சிரிக்கவில்லை.
போன தடவை ஒரே மதிப்பெண்ணில் தவறியவள்.
சக்கரத்துக்குப் பிரேக் போட மறந்துவிட்டாள்.
அந்த ஒன்றுக்கு
ஆறு மாதம், மறுபடி ஆயிரத்து இருநூறு ரூபாய்,
குழுவில் வாங்கிய கடன்,
வட்டி தனி.

நான் பஸ்ஸில் படிக்கிறேன்.
புதுவயல் வண்டி, கம்பியில் ஒரு கை.
நாடி நிமிடத்துக்கு அறுபது முதல் நூறு.
படுக்கைப்புண் வரும் இடங்கள்:
பிடரி, தோள்பட்டை, முழங்கை, இடுப்பெலும்பு, குதிகால்.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
கோட்டையூர் தாண்டியதும் முன்சீட்டுக்காரர் திரும்பி
'யாருக்கும்மா?' என்றார்.
எனக்குத்தான் ஐயா, வியாழக்கிழமை.

இன்று நோயாளி நான்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.
மேலே மின்விசிறி,
ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை.
படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது
நிற்கிறவர்கள் எவ்வளவு உயரம் என்று.

கதவைத் தட்டினாள். திறந்தேதான் இருந்தது.
'வணக்கம். நான் நூர்நிஷா, உங்கள் உதவியாளர்.
உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?'
ஏழு மாதமாக என் டிபன் பாக்ஸில் கைவைக்கிறவள்.
அடைக்கலமேரி என்றேன்.
முழுப்பெயரும் சேர்ந்து
கடைசியாக என் காதில் விழுந்தது
ரேஷன் கடையிலாக இருக்கும்.

திரைக்குப் பதில் என் பழைய சேலை. இழுத்துவிட்டாள்.
வாளித் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து
'சூடு சரியா இருக்கா? நீங்களே தொட்டுப் பாருங்க.'
பட்டியலில் ஏழாவது வரி அது.
நூறு தடவை நானும் கேட்டிருக்கிறேன், பொம்மையிடம்.
பதில் சொல்லும் முறை வந்தபோது
வாய் வரவில்லை.

வலது காலைத் தூக்கினாள்.
களத்தில் அவித்த நெல்லைக்
காலால் கிளறிக் கிளறி வெடித்த குதிகால்.
கூசிற்று. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.
'நோயாளி அசையக் கூடாது.'
விரலிடுக்கில் துணியைவிட்டு ஈரம் ஒற்றினாள்,
ஒவ்வொரு இடுக்காக.
முப்பத்தெட்டு வருஷக் கால் இது.
நானே இப்படித் துடைத்ததில்லை.

அவளுக்கு அது மதிப்பெண். தெரியும்.
ஈரம் விட்டால் அரை போகும்.
தெரிந்தும்,
படுத்திருக்கிறவருக்குக் கண்ணீர் கன்னத்துக்கு வராது,
காதுக்குள்தான் ஓடும்.
இது புத்தகத்தில் இல்லை.

'வலி ஏதாவது இருக்கா?'
பதினோராவது வரி.
இல்லை என்றேன்.

பிறகு தூக்கி உட்காரவைத்தாள்.
இடுப்பில் பட்டை கட்டினாள்.
நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள்.
ஒன்று, இரண்டு.
நான் காலை ஊன்றவில்லை. குனிந்து
சக்கரத்தையே பார்த்தேன்.
நோயாளி ஞாபகப்படுத்தக் கூடாது என்பது விதி.
பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.
அவளும் பார்த்தாள்.
கிளுக்.
இந்தப் பக்கம், கிளுக்.

கீழே பெயிண்ட் கடை ஷட்டர் இறங்குகிறது.
மணி ஏழு நாற்பது.
நாளைக்குத்தானே என் முறை என்றாள்.
இருபது நிமிஷம் இருக்கு, படு என்றேன்.
வாளித் தண்ணீரை மாற்றிவைத்துவிட்டு
கதவுக்கு வெளியே போய் நின்று
தட்டினேன்.