சிலந்தித் தாள்

லாவ்ராவில் சாவு விழுந்த மதியம்
ஜீலை இறக்கிவைத்தார்கள்.
சுரைக்குடுக்கைகளில் ஓட்டை மூடிய தாளெல்லாம் கிழிசல்.
பதினான்கு கட்டையும் பேசின,
ஆனால் சுத்தமாக.
அவ்வளவு சுத்தத்துக்கு
யாருக்கும் அழ வரவில்லை.

பிளாஸ்டிக் பையைக் கிழித்து ஒட்டிப் பார்த்தான் ஸியெம்.
கடைக்காரன் சில்லறை எண்ணுவதுபோல் இருந்தது.

சிலந்திக்கு எங்கே போவது?
ஈஸ்டருக்கென்று தெருவே
சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தது.

செத்தவனோடு பன்னிரண்டு வருடம்
முகம் கொடுக்காத பாயுவோ எழுந்து போனான்.
துடைப்பம் காணாத சுவர்
ஊரில் அவனுடையது ஒன்றுதான்.
முட்டைக்கூட்டின் வெள்ளைத் தாள்களை
மூச்சை அடக்கி உரித்து
உள்ளங்கையில் கொண்டுவந்தான்.

மரப்பால் தொட்டு ஒட்டியதும்
கட்டை கரகரத்தது.

முதல் விம்மல் எந்தப் பக்கமிருந்து என்று
ஒருவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.